எல்லோருக்கும் முதல் வரிசை

நகரத்துக்கு ஒரு புதிய பொது அரங்கம் தேவை என்று மாநகர மன்றம் ஏகமனதாகத் தீர்மானித்தது. எதிர்ப்பதற்கென்று இருந்த ஒரே உறுப்பினர் அன்றைக்குப் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்து, பேச முடியாததால், தானும் ஆதரிப்பதாகத் தலையை ஆட்டினார்.

தேவை உண்மையானதுதான். பழைய நகர மண்டபத்துக்குத் தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் மேடையில் நிற்பவருடைய வாயசைவு மட்டும்தான் தெரியும். மன்ற உறுப்பினர்கள் பேசும் நாட்களில் ஊரே அண்ணாந்து மேகம் பார்க்கும். இருந்தாலும், நாகரிகமான நகரத்தில் பேச்சு காதில் விழவேண்டும் என்பது ஒரு கொள்கை. கொள்கைக்கு ஒரு குழு அமைக்கப்பட்டது. மேயர் தலைவர். தலைமைப் பொறியாளர், புரோட்டோகால் அதிகாரி, தலைநகரிலிருந்து தருவிக்கப்பட்ட ஆலோசகர் ஆகிய மூவரும் உறுப்பினர்கள்.

வரைபடம் போடும் வேலை பொறியியல் பிரிவின் மூலை மேசைக்கு வந்தது. அங்கே இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருந்தவளை அலுவலகம் முழுக்க ஸ்கேல் அம்மா என்றுதான் கூப்பிடும். கொண்டையில் ஒரு பென்சில், கைப்பையில் ஒரு மர ஸ்கேல், இரண்டும் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. மேசையில் கம்ப்யூட்டர் வைத்த பிறகும் முதல் கோட்டைக் காகிதத்தில்தான் போடுவாள். கோடு தப்பானால் காகிதம் சொல்லிவிடும், கம்ப்யூட்டர் எதைப் போட்டாலும் அழகாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளும் என்பது அவள் கட்சி.

அவள் போட்ட முதல் வரைபடம் ஒழுங்கானது. அறுநூறு நாற்காலி, இருபத்துநாலு வரிசை, பதினாலு மீட்டர் அகலத்தில் ஒரு மேடை. மேடைக்குப் பின்னால் பன்னிரண்டுக்கு எட்டு மீட்டரில் ஒரு செவ்வகம். அதில் அவள் தன் கையால் எழுதியிருந்தாள்: அறை 14, ஒத்திகை.

அந்த அறை அவளுடைய அக்காவுக்கு.

அக்கா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மாடி வீட்டில் தனியாக இருந்தாள். சாப்பாடு மட்டும் தங்கையோடு. இருபத்திரண்டு வருடமாக ஒரு பெண்கள் பாட்டுக்குழுவை நடத்திவந்தாள். முப்பத்தோரு பேர். சலவைக்கூடத்தில் வேலை செய்பவர்கள், நர்ஸ்கள், பஸ் கண்டக்டர், ரொட்டிக்கடைக்காரி, பிரசவ விடுப்பில் போய்ப் போய் வரும் ஒரு தபால்காரி. சனிக்கிழமை சாயங்காலம் பழைய மண்டபத்தில் ஒத்திகை. புது அரங்கத்தின் வரைபடம் நிறைவேறும் நாளில் பழைய மண்டபம் இடிக்கப்படும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு முப்பத்தோரு பேரும் பாட இந்த ஊரில் வேறு இடம் கிடையாது. தேடிப் பார்த்தாயிற்று. பள்ளிக்கூடம் பூட்டிவிடுகிறது, ஆஸ்பத்திரி வாயை மூடச் சொல்கிறது, சலவைக்கூடத்தில் இயந்திரம் இவர்களை விட உரக்கப் பாடுகிறது.

"பெரிசா ஒண்ணும் கேக்கலடி," என்றாள் அக்கா, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே. "நாலு சுவர். ஒரு கதவு. மழை கேக்காத ஒரு கூரை."

"வரைஞ்சுட்டேன்க்கா. மேடைக்குப் பின்னாடியே."

"முன்னாடி பின்னாடியெல்லாம் எங்களுக்கு ஒண்ணுதான். எங்க குழுவுல யாரும் அதைப் பாக்கறதில்ல. குள்ளமா இருக்கிறவ முன்னால நிப்பா, அவ்வளவுதான்."

"ரூம் இருக்கு. நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன் என்ற இரண்டு சொற்களை அவள் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வீட்டில் சொல்லிவிட்டாள்.

குழுவின் முதல் கூட்டத்தில் வரைபடத்தை மேசைமேல் விரித்து நான்கு முனையிலும் நான்கு தம்ளர் வைத்தார்கள். புரோட்டோகால் அதிகாரி குனிந்து பார்த்தார். மெலிந்த, சுத்தமான மனிதர். நீல அட்டை போட்ட ஒரு விதிநூலை எப்போதும் மார்போடு அணைத்திருப்பார். பெற்ற பிள்ளையை அப்படித் தூக்கியிருப்பாரா என்பது சந்தேகம்.

"இந்த அம்மா இருபத்துநாலு வரிசை போட்டிருக்காங்க," என்றார். பக்கத்து வீட்டில் இருபத்துநாலு பூனையைப் பார்த்துவிட்டு வந்தவர் குரல்.

"ஆமாங்க. வரிசைக்கு இருபத்தஞ்சு நாற்காலி," என்றாள் ஸ்கேல் அம்மா.

"ஆனா முதல் வரிசை ஒண்ணுதான் இருக்கு."

"முதல் வரிசை ஒண்ணுதாங்க இருக்கும்."

"அதாங்க சிக்கல்." நீல நூலைத் திறந்து, எழுந்து நின்று படித்தார். "விதி நான்கு. சம தகுதி உடைய எவரும், சம தகுதி உடைய பிறிதொருவருக்குப் பின்னால் அமர்த்தப்படலாகாது."

"முதல் வரிசைத் தகுதி எத்தனை பேருக்குங்க இருக்கு?"

அவர் பட்டியல் வைத்திருந்தார். மன்ற உறுப்பினர்கள், அவர்களுடைய வாழ்க்கைத் துணைகள், துறைத் தலைவர்கள், துணைத் தலைவர்கள், துறையே இல்லாத தலைவர்கள், நீதிபதிகள், முன்னாள் மேயர்கள் ஒன்பது பேர், அவர்கள் மனைவிமார் பத்துப் பேர்.

"ஒன்பது பேருக்குப் பத்து பேரா?" என்றார் மேயர்.

"ஒருத்தருக்கு ரெண்டு பேருங்க. அவர் மேயரா இருந்தப்ப மனைவியா இருந்தவங்க இப்ப மனைவி இல்ல. இப்ப மனைவியா இருக்கிறவங்க, அவர் முன்னாள் ஆனப்புறம் வந்தவங்க. ரெண்டு பேருமே ஒவ்வொரு விதத்துல முன்னாள். ஆகவே சமம்."

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு.

தலைமைப் பொறியாளர் வயிற்றெரிச்சல் மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். தன் கருத்துகளைப் பெரும்பாலும் அவர் இந்த முறையில்தான் தெரிவிப்பார்.

ஸ்கேல் அம்மா காகித ஓரத்தில் கணக்குப் போட்டாள். கைப்பிடி வைத்த நாற்காலி எழுபத்தைந்து சென்டிமீட்டர். முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு இருநூற்று முப்பத்துநாலு மீட்டர். "வரிசை இருநூத்தி முப்பத்துநாலு மீட்டருங்க. நம்ம மனை நூறு மீட்டர்லயே முடிஞ்சுடுது. அதுக்கப்புறம் மருந்துக்கடை, அப்புறம் ஆறு."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் யாரை உக்காத்தறது?" என்றார் மேயர், யோசனையோடு. அவர் மனதில் சில பேர் இருந்தார்கள்.

"யாரையும் முடியாதுங்க," என்றார் புரோட்டோகால் அதிகாரி. "எல்லாரும் சமம்."

இந்த இடத்தில் ஆலோசகர் கண்ணைத் திறந்தார். அதுவரை மூடியிருந்தது தூக்கத்தால் என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். மனையின் ஆற்றலை உள்வாங்கிக்கொண்டிருந்ததாக அவர் பிறகு அறிக்கையில் தெரிவித்தார். கழுத்திலிருந்து கால்வரை கறுப்பு உடை. கண்ணாடிச் சட்டம் மட்டும் மஞ்சள்.

"இப்பல்லாம் உலகத்துல யாரும் அரங்கம் கட்டறதில்ல," என்றார். "அனுபவம் கட்டறாங்க."

"அதுக்குக் கூரை உண்டா?" என்று கேட்டார் பொறியாளர்.

"அனுபவத்துக்குக் கூரை ஒரு தடை."

"மழை வந்தா?"

"மழையும் ஒரு அனுபவம்தானே?"

மேயருடைய தலைமுடி நனையக்கூடிய ரகத்தைச் சேர்ந்ததல்ல. ஆகவே கூரை தப்பியது. ஆலோசகர் விட்டுக்கொடுத்தார்; பதிலுக்கு ஒரு பேனாவை எடுத்து, நேர்க்கோட்டு வரிசையை வளைத்து, அதன் தலையைக் கொண்டுபோய் அதன் வாலில் ஒட்டினார். "வட்டம்," என்றார். "வட்டத்துல முதலும் கிடையாது, கடைசியும் கிடையாது. எல்லாருமே முதல்."

புரோட்டோகால் அதிகாரியின் கண்கள் கலங்கியிருந்தன. முப்பது வருட உத்தியோகத்தில் விதி நான்கு இவ்வளவு முழுமையாக நிறைவேறி அவர் கண்டதில்லை.

"அப்ப ஜனங்க எங்க உக்காருவாங்க?" என்று கேட்டாள் ஸ்கேல் அம்மா. "பின்னால ரெண்டாவது வட்டம் போடட்டுங்களா?"

மேயர் கையை உயர்த்தினார். தேர்தலுக்கு எட்டு மாதம் இருந்தது. "மக்களைப் பின்னால உக்காத்தறதா? எழுதிடுவாங்கம்மா. பத்திரிகையில எழுதிடுவாங்க. மக்களுக்கும் முதல் வரிசைதான். நாங்க வராத நாள்ல அவங்க வரட்டும், இதே நாற்காலியில உக்காரட்டும்."

இவ்வாறாக, இரண்டாம் வரிசை என்ற பிற்போக்கான ஏற்பாடு அந்த நகரத்தில் ஒழிக்கப்பட்டது. மறுவாரமே சுவர்களில் விளம்பரம் வந்தது: எல்லோருக்கும் முதல் வரிசை.

புது வரைபடம் போட்டாள். நூறுக்கு எண்பது மனையில் வட்டம் ஏறக்குறைய எல்லாவற்றையும் தின்றுவிட்டது. நடுவில் மேடை. மிச்சம் நான்கு மூலை, நான்கு முக்கோணம். ஒன்றில் கழிவறை, ஒன்றில் ஜெனரேட்டர், ஒன்றில் மேடைக்கான விளக்கு அறை. நான்காவது முக்கோணத்தின் கூர்மூலையில், ஏழு மீட்டருக்கு ஐந்து என்று, அறை 14 ஒண்டிக்கொண்டிருந்தது.

"ஏழுக்கு அஞ்சா?" என்றாள் அக்கா. "முப்பத்தோரு பேர் மூச்சு விடணும்டி. பாடறவ மூச்சுக்கு ஆழம் வேணும்."

"மாத்தி மாத்தி விடுங்கக்கா."

அக்கா சிரிக்கவில்லை. நல்ல நகைச்சுவையென்று ஸ்கேல் அம்மாவும் நினைக்கவில்லை. கறிவேப்பிலைக் கொத்தை உருவுவதுபோல அந்த அறையைக் கூட்டத்துக்குக் கூட்டம் உருவிக்கொண்டிருந்தார்கள், அவளுடைய பென்சிலாலேயே.

மூன்றாம் கூட்டத்தில் நீல நூல் மறுபடி திறந்தது. "விதி ஒன்பது. மேடையில் தோன்றும் எவரும் முதல் வரிசையினருக்கு முதுகு காட்டலாகாது."

எல்லோரும் வரைபடத்தைப் பார்த்தார்கள். வட்டத்தின் நடுவில் மேடை. மேடையில் யார் எந்தப் பக்கம் திரும்பினாலும் நூற்றைம்பத்தாறு சமமானவர்களுக்கு முதுகு.

"மேடையைச் சுத்த விடலாம்," என்றார் பொறியாளர். மாத்திரை இல்லாமல் அவர் சொன்ன ஒரே கருத்து இது.

"சுத்தினா?"

"எல்லாருக்கும் முகம் தெரியும்."

"எல்லாருக்கும் முதுகும் தெரியும்," என்றார் புரோட்டோகால் அதிகாரி. "இப்ப நூத்தைம்பத்தாறு பேருக்குத்தான் அவமானம். சுத்தினா முந்நூத்திப் பன்னிரண்டு பேருக்கும்."

"முதுகே இல்லாத நிகழ்ச்சி எதாவது இருக்கா?" என்று மேயர் கேட்டார். கலாசாரப் பிரிவுக்குக் கடிதம் எழுதப்பட்டது. பார்வையில் கண்ட கடிதம் கிடைக்கப்பெற்றதாகவும், மேற்படி பொருள் குறித்து ஆவன செய்யப்படும் எனவும் பதில் வந்தது.

நான்காம் கூட்டத்தில் பொறியாளர் இன்னொரு சங்கதியை எடுத்தார். சுழலும் மேடையானால் அதற்கு இயந்திர அறை வேண்டும். இருக்கும் ஒரே இடம் நான்காவது முக்கோணம். "ஒண்ணு மேடை இருக்கணும், இல்ல அறை பதினாலு இருக்கணும்," என்று முடித்துவிட்டு, இரண்டு மாத்திரையை ஒன்றாகப் போட்டுக்கொண்டார்.

பழைய மண்டபத்தின் கதவில் இடிக்கும் தேதி ஒட்டியாயிற்று. ஸ்கேல் அம்மா மேசையைச் சுற்றி நாலு பேரையும் பார்த்தாள். இவர்கள் எவ்வளவு தூரம்தான் போவார்கள்? எங்கேயோ ஒரு எல்லை இருக்கும். அந்த எல்லையைக் கையால் தொட்டுக் காட்டினால், ஐயோ இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று பதறித் திரும்பி, இருபத்துநாலு வரிசைக்கே வந்து நிற்பார்கள். இருபத்தாறு வருட அனுபவம் உள்ள ஒருத்தி அப்படி நினைத்தது ஆச்சரியம்தான். ஆனால் நினைத்தாள்.

"அப்படின்னா மேடையை எடுத்துடலாமே," என்றாள். "மேடை இருக்கிறதாலதானே முதுகு வருது."

பதறுவார்கள் என்று காத்திருந்தாள்.

மேயர்தான் முதலில் கைதட்டினார். புரோட்டோகால் அதிகாரி எழுந்துவந்து அவளுக்கு வணக்கம் வைத்தார். ஆலோசகர் தன் மஞ்சள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "இந்த அளவுக்குத் துணிச்சல் நான் வெளிநாட்டுலகூடப் பாத்ததில்ல," என்றார். நடவடிக்கைக் குறிப்பில் பின்வருமாறு ஏறியது: பொறியியல் பிரிவின் தொழில்நுட்பப் பரிந்துரையின் பேரில் மேடை நீக்கப்படுகிறது.

"அறை பதினாலு இருக்குமில்லீங்களா?" என்றாள்.

"உங்க புண்ணியத்துல இருக்கும்மா," என்றார் மேயர்.

அன்றைக்கு அக்காவிடம் ரூம் தப்பிவிட்டது என்று மட்டும் சொன்னாள். எப்படித் தப்பியது என்று சொல்லவில்லை. பாட்டுக்காரிக்கு மேடையை விற்று ரூம் வாங்கியதை எந்த வாயால் சொல்வது?

ஐந்தாம் கூட்டம், மேடை இல்லாத அரங்கத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் எதைப் பார்ப்பார்கள் என்பதைப் பரிசீலித்தது. ஒருவரையொருவர் பார்க்கலாம் என்றால் எதிரில் இருப்பவர் எழுபது மீட்டர் தள்ளி இருக்கிறார், எதிர்க்கட்சியாகவும் இருக்கலாம். பூந்தொட்டி வைக்கலாம் என்றது ஒரு யோசனை. மன்றத்தின் சாதனைகளை எழுதி வைக்கலாம் என்றது இன்னொன்று. இடம் மிஞ்சிவிடும் என்று கைவிடப்பட்டது.

ஆலோசகர் கண்ணைத் திறந்தார். "ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிர்ல, முழங்காலிலிருந்து ரெண்டு மீட்டர் தூரத்துல, ஆளுயரக் கண்ணாடி. வட்டமா, சுவர் மாதிரி. உக்காந்தவரே நிகழ்ச்சி. அவரே பார்வையாளர்."

"முதுகு தெரியுமா?" என்றார் புரோட்டோகால் அதிகாரி.

"கண்ணாடி யாருக்கும் முதுகு காட்டாதுங்க."

மேயர் எதிரே இருந்த ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேரணை நிறைவேறிவிட்டதை அதிலிருந்து எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

எழுந்து போகும்போது புரோட்டோகால் அதிகாரி ஒரு சின்ன விஷயம் என்று திரும்பினார். "அம்மா, அறை பதினாலு. அதுல ஒத்திகைன்னு எழுதியிருக்கு. ஒத்திகைங்கிறது மேடைக்காகத்தானே? மேடை இல்லாத கட்டடத்துல ஒத்திகை அறை இருந்தா தணிக்கையில கேள்வி வரும். கண்ணாடி துடைக்கிற ஏணி வைக்கிறதுன்னு மாத்திடுங்க."

அவர் பேச்சில் துளிகூடக் கெட்ட எண்ணம் இல்லை. விதியின் பக்கம் நின்றார், அவ்வளவுதான். அவள் மேசைக்கு வந்து ரப்பரை எடுத்தாள். ஒத்திகை என்ற நாலு எழுத்தை அழித்தாள். காகிதத்தில் அழித்த தடம் இருந்தது; கம்ப்யூட்டராக இருந்தால் அதுகூட இருந்திருக்காது.

வெகுநேரம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே நாற்காலி வட்டம். உள்ளே கண்ணாடி வட்டம். கண்ணாடி வட்டத்துக்கும் உள்ளே? ஒன்றுமில்லை. எழுபது மீட்டர் அகலத்துக்கு, வழவழவென்ற தரையும் உயர்ந்த கூரையுமாக ஒரு மகா வெறுமை. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. கதவு வைக்கவில்லை. இவ்வளவு பெரிய இடத்தை யாருமே கவனிக்கவில்லை, ஏனென்றால் வரைபடத்தைக் கையில் வாங்கிய ஒவ்வொருவரும் தன் நாற்காலி எங்கே என்று மட்டும்தான் தேடினார்கள்.

கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். தீயணைப்பு விதிப்படி மூடிய எந்த இடத்துக்கும் ஒரு வழி வேண்டும். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு ஒரு கதவு வரைந்தாள். கதவின் மேல் பராமரிப்பு என்று எழுதினாள். அந்த வெறுமையின் நட்டநடுவில், கொசு அளவுக்குச் சின்னதாக, 14 என்று போட்டாள்.

மன்றத்தில் வாக்கெடுப்பு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு. பழைய மண்டபத்தை இடிக்கும் இயந்திரம் ஒன்பது மணிக்கே வந்து நின்றுவிட்டது. முடிவு தெரியாமல் வேலை தொடங்குவதில்லை என்ற நியதிப்படி, முடிவை முந்தின நாளே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். தகரக் கூரை சரிந்தபோது எழுந்த சத்தம் மன்றம்வரை கேட்டது. அதைக் கைதட்டல் என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

கட்டி முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் அக்காவின் குழு பாடவில்லை. திறப்பு விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை, பராமரிப்புக் கதவு வழியாக முப்பத்தோரு பேரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். சுற்றிலும் கண்ணாடிகளின் முதுகு, சாம்பல் நிறத்தில். மேலே மழை கேட்காத கூரை. தபால்காரி மெதுவாக ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பார்த்தாள். அது போய் வட்டத்தைச் சுற்றிவிட்டு, குளித்துத் தலைவாரிக்கொண்ட குழந்தைபோல அவளிடமே திரும்பி வந்தது. ரொட்டிக்கடைக்காரி அழுதுவிட்டாள். அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"எவ்வளவு பெரிய ரூமைடி குடுத்துட்டே," என்றாள்.

திறப்பு விழா அன்றைக்கும் உள்ளே பாடினார்கள். விழா சாயங்காலம் ஆறுக்கு. ஆனால் சனிக்கிழமை, ஒத்திகை நாள். வெளியே முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் முதல் வரிசையில் அமர்ந்து, தங்கள் முகத்தைக் கண்ணாரக் கண்டுகொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ பாட்டு வந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு இனிமையான குரல் தங்கள் முகத்திலிருந்து வருவதில் யாருக்கும் வியப்பு இல்லை. சிலர் உதட்டையும் அசைத்தார்கள். ஒவ்வொருவரும் அவரவருக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்னாள் மேயரின் இரு மனைவிமாரும் ஒரே நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஜனங்களும் வந்தார்கள். கேலி செய்யத்தான் வந்தார்கள். உட்கார்ந்தார்கள். தலையைக் கோதிக்கொண்டார்கள். மறுவாரம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். மூன்று மாதத்துக்கு இடம் இல்லை என்று வாசலில் பலகை மாட்டவேண்டியதாயிற்று.

பாட்டு எங்கிருந்து வருகிறது என்று கடைசியில் கேட்டவர் தணிக்கையாளர் ஒருவர்தான். அவருக்கு அழைப்பிதழ் போகவில்லை. ஸ்கேல் அம்மா வேலை போயிற்று என்றே நினைத்தாள். ஆனால் ஆலோசகர் முந்திக்கொண்டு, அது தன் ஒலிவடிவமைப்பு என்று அறிக்கை கொடுத்துவிட்டார். மேடை இல்லாத கட்டடத்தில் பாடகர் இருக்க விதியில் இடமில்லை. பொருத்தப்பட்ட சாதனம் இருக்கலாம். ஆகவே முப்பத்தோரு பெண்களும் மின்விசிறிகளுக்கு அடுத்த பக்கத்தில், தளவாடப் பதிவேட்டில் ஏற்றப்பட்டார்கள். ஆளுக்கு ஒரு சின்னத் தகடு. அக்கா ஒலி/1. தபால்காரி ஒலி/31.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி மற்றவளை, "ஏய் ஒலி பன்னண்டு, தள்ளி நில்லு," என்று கூப்பிடுவாள். இரண்டாம் வாரம் சிலர் தகட்டைத் துடைத்துப் பளபளவென்று வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் சீனியர் நர்ஸ், ஒலி/7 ஆகிய தான் எப்படி ஒலி/6 ஆகிய சலவைக்கூடத்துக்காரிக்குக் கீழே வந்தாள் என்று அக்காவிடம் கேட்டாள். பேச்சுவாக்கில்தான் கேட்டாள்.

அரங்கத்தின் முதலாண்டு நிறைவு மலருக்காக, சாதனங்களைப் படம் எடுக்க ஒரு போட்டோகிராபர் வந்தார். ஜெனரேட்டரை எடுத்தார், ஏணியை எடுத்தார். சாயங்காலம் பராமரிப்புக் கதவு வழியாக உள்ளே வந்தார். ஸ்கேல் அம்மாவும் அக்காவைக் கூட்டிப்போக வந்திருந்தாள்.

"மூணு வரிசையா நில்லுங்கம்மா," என்றார் அவர்.

யாரும் நகரவில்லை.

"குள்ளமா இருக்கிறவங்க முன்னால வாங்க."

"நான் ஏழு," என்றாள் நர்ஸ். "உயரத்தைப் பாத்து என்னைப் பின்னால தள்ளாதீங்க."

"இருபத்திரண்டு வருஷமா இருக்கேன்," என்றாள் சலவைக்கூடத்துக்காரி. "நேத்து வந்தவ தலைக்குப் பின்னால என் மூக்கு மட்டும் தெரியணுமா?"

ஸ்கேல் அம்மா அக்காவைப் பார்த்தாள். இப்போது ஒரு அதட்டல் வரும், கணக்கு டீச்சரின் அதட்டல், எல்லாம் அடங்கிவிடும். அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"யாரும் சண்டை போட வேண்டாம்," என்றாள். "நான் நடுவுல முன்னால நிக்கறேன், ஒலி ஒண்ணு. மத்தவங்க எல்லாரும் ஒரே வரிசையா ரெண்டு பக்கமும் நில்லுங்க. யாருக்கும் பின்னால யாரும் வேண்டாம்."

நின்றார்கள். ஆளுக்கு நாற்பத்தைந்து சென்டிமீட்டர், பதினாலு மீட்டர். ஸ்கேல் அம்மாவின் மனம் தானாகக் கணக்குப் போட்டது. போட்டோகிராபர் பின்வாங்கிப் பின்வாங்கிக் கண்ணாடியின் முதுகில் இடித்துக்கொண்டார். "இத்தனை நீளத்துக்கு எடுத்தா முகம் கடுகு மாதிரிதாம்மா விழும். கொஞ்சம் வளைஞ்சு நில்லுங்க. இன்னும் கொஞ்சம்."

வளைந்தார்கள். இன்னும் கொஞ்சம் வளைந்தார்கள். ஒலி/31 கடைசியில் நிற்க மனமில்லாமல் சுற்றிவந்து ஒலி/30-ஐ விட்டுவிட்டு அந்தப் பக்க முனையோடு ஒட்டிக்கொண்டாள். முப்பதும் பின்னாலேயே ஓடிவந்தாள். வட்டம் மூடிக்கொண்டது. போட்டோகிராபர் கேமராவும் கையுமாக நடுவில் மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் எடுப்பது என்று தெரியாமல் சுற்றினார்.

"தம்பி," என்றாள் அக்கா, மிகுந்த மரியாதையோடு. "எங்களுக்கு முதுகைக் காட்டாதீங்க."

பாட்டு எதுவும் இல்லை. வெளியிலிருந்து, கண்ணாடிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஜனங்கள் தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொள்ளும் சத்தம் வந்துகொண்டிருந்தது. முப்பத்தோரு பேரும் அதைக் கேட்டார்கள். கேட்டபடியே, சுற்றிலும் சாம்பல் நிறமாக நின்ற கண்ணாடி முதுகுகளை நிமிர்ந்து பார்த்தார்கள்.

அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, இதையெல்லாம் இந்தப் பக்கமாத் திருப்பி வைக்க முடியாதா? உன்னால ஒரு கோடு போட முடியாதா?"

ஸ்கேல் அம்மா கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். அளவெடுக்கப் போகும்போதுதான் கவனித்தாள்: முப்பத்தோரு பேருக்குக் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் தனக்கு ஒன்று குறைகிறது. முப்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டாள்.